காற்று வரும் வழி

கல்லூரியில் எனக்கு வணிகவியல் பாடம். வருடக்கணக்காக அதையே நடத்தியதில், கையில் குறிப்பு இல்லாமலேயே கணக்குகளைக் கரும்பலகையில் எழுதி முடித்துவிடுவேன். ஒரு பிற்பகல், என் குரல் எங்கோ தூரத்தில் தானாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நான் நடத்தும் பாடத்தை நானே கேட்கவில்லை.

மணி அடித்ததும் வராந்தாவில் மெல்ல நடந்தேன். புவியியல் வகுப்பின் கதவு திறந்திருந்தது. அந்தத் துறை ஆசிரியை பலகையில் மலைகளை வரைந்துகொண்டிருந்தார். வெள்ளைத் தூள் பறந்து அவர் புடவையில் பனிபோலப் படிந்திருந்தது. நின்றுவிட்டேன்.

"ஏனுங்க மேடம், ஆரையாச்சும் தேடறீங்களா?"

"இல்லீங்க. நானும் கொஞ்சம் உக்காந்து கேக்கலாமுங்களா?"

சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சைக் காட்டினார். அங்கிருந்த மாணவி ஒருத்தி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம்விட்டாள்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் பாலக்காட்டுப் பக்கம் ஓர் இடைவெளி. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, அந்த வழியாகத்தான் காற்று நம் ஊருக்குள் நுழைகிறது என்றார். சூலூரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆடி மாதம் முழுக்க முந்தானையை இழுத்துப் பிடித்தபடி பேருந்துக்குக் காத்து நின்றிருக்கிறேன். இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டேன். முகத்தில் மோதிய காற்றில் கடலின் ஈரம் கொஞ்சம் மிச்சமிருப்பதாகத் தோன்றியது.

அதன்பின் வாராவாரம் போனேன். ஒருமுறை என்னிடமே கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இருபது வயது குறைந்தாற்போல் இருந்தது.

எங்கள் துறைத் தலைவர் மட்டும், "இதப் படிச்சு நம்ம பாடத்துக்கு என்னங்க பிரயோஜனம்?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. கேக்க நல்லாருக்குது," என்றேன்.

அடுத்த பருவத்தில் புவியியல் ஆசிரியை என் வகுப்புக்கு வந்தார். "நானும் கணக்குப் படிக்கோணுமுங்க," என்று முன் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு. கால் மணி நேரத்தில் கன்னத்தில் கை வைத்தபடி தூங்கிப்போனார். எழுப்ப வேண்டாம் என்று மாணவிகளுக்குச் சைகை காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தித் தேய்மானம் பற்றி நடத்தினேன். இயந்திரம் ஆண்டுதோறும் தேய்ந்து மதிப்புக் குறைவதை எப்படிக் கணக்கில் எழுதுவது என்பது பாடம்.

திடீரென்று விழித்தவர் கேட்டார்: "ஏனுங்க மேடம், மலையுந்தான் வருசா வருசம் தேயுது. அதுக்கு எப்படீங்க கணக்கு எழுதுவீங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மாணவிகள் ஆளுக்கொரு பதில் சொல்லத் தொடங்கினார்கள். சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, நானும் அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.