டேச்சோ என்றால் பெரிய ஆறு

மாமா வடக்கே டிரக் ஓட்டப் போன வருடம் எனக்கு ஒன்பது வயது. ரொறன்ரோவில் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது அந்த ஒரு தம்பிதான். அவர் கடக்கும் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்ததும் அதன்மேலேயே டிரக்குகள் ஓடும். கூட வேலை செய்த பூர்வகுடி மக்களைப்போல மாமாவும் அந்த ஆற்றை டேச்சோ என்றே சொல்லுவார். "டேச்சோவைத் தாண்டிட்டன் அக்கா" என்று தொலைபேசியில் கேட்டால்தான் அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

பனி இளகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் அம்மா புட்டுக்கு மாக் கொத்திக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் செய்தி வந்தது. மெக்கென்சி ஆற்றில் ஐஸ் உடைந்து ஒரு டிரக் உள்ளே போய்விட்டது, ஓட்டியவரைக் காணவில்லை.

அம்மாவின் கை நின்றது. "உது வேற ஆறு. தம்பி ஓடுறது டேச்சோவில" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி கொத்தினார்.

வடக்கு ஆறுகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் புரொஜெக்ட் செய்திருந்தேன். கேட்காத கேள்விக்கும் கை உயர்த்துகிற பிள்ளை நான்.

"இல்லை அம்மா, ரெண்டும் ஒண்டுதான். டேச்சோ எண்டால் பெரிய ஆறு. கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் கூக்பாக் எண்டு சொல்லுவினம். அதுவும் பெரிய ஆறுதான். மெக்கென்சி பிறகு வந்த வெள்ளைக்காரன்ர பேர்."

அம்மா என் தோளைப் பிடித்தார். "வடிவாத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன், பெருமையாக.

மாவை அப்படியே விட்டுவிட்டு, மாமா தங்கியிருந்த இடத்துக்கு அம்மா ஃபோன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்தார், மறுபடி எடுத்தார். பக்கத்து வீட்டு அன்ரி ஃபோனில் கூப்பிட்டபோது, "தம்பி எடுப்பான், வையுங்கோ" என்று வெட்டிவிட்டார். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. நான் சொன்னது பிழையாக இருந்தால் நல்லது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

பொழுதுபடும் நேரம் மாமாவே ஃபோன் எடுத்தார். அறையிலிருந்த மற்ற ஃபோனை நான் தூக்கினேன்.

"உயிரோட இருக்கிறியேடா!" அம்மா சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினார்.



"முன்னுக்குப் போனது என்ர கூட்டாளி அக்கா. ஐஸ் தாங்குதோ எண்டு பாக்கிறன், நீ நில்லு எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

பிறகு மாமாவின் விசும்பல் கேட்டது. தப்பிய சந்தோசத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். மாமாவுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, பிறகேன் அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.