அதிகாரியின் சுருதி

வெள்ளிக் கிண்ணத்தில் துப்பிவிட்டுப் பாட ஆரம்பிக்கிற மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் என் மேலதிகாரி.

பெங்களூரில் கடற்படைக்கு என்ன வேலை என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கடல் இல்லாவிட்டால் என்ன, கப்பல்களுக்கு வேண்டிய கருவிகள் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் தயாராயின. அவற்றைச் சோதித்து வாங்க எங்களைப் போல ஒரு சிறு கூட்டம் இருந்தது. பல வருடம் உப்புக்காற்றைத் தின்ற பிறகு, அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்த இடம் கிடைத்தது. வீடு அல்சூரில், நான் வளர்ந்த அதே தெருவில்.

காதால் செய்கிற வேலை என்னுடையது. தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்புவோம். நீர்மூழ்கிக் கப்பலில் பட்டு அது திரும்பி வரும். அனுப்பியதைவிடச் சுருதி மயிரிழை உயர்ந்து வந்தால் எதிரி நெருங்குகிறான், தாழ்ந்து வந்தால் விலகுகிறான். கேட்ட கணமே 'ஹை' என்றோ 'லோ' என்றோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்குகிறவனை நம்பிக் கப்பலில் யாரும் கண்ணை மூட முடியாது. எனக்கு அது சுலபமாக வந்ததென்றால், சின்ன வயதிலிருந்து வயலின் வாசித்த காது அது. கடற்படை அந்தக் காதை மட்டும் எடுத்துக்கொண்டது. வயலினை எங்கே வைப்பதென்று யாரும் கேட்கவில்லை. கப்பலில் அதன் பெட்டிமேல் ஈர பனியன்களைக் காயப்போட்டார்கள். உப்பில் பசை விட்டுப்போய், பூசணம் பூத்து, திறந்தாலே குமட்டும்.

அதனால்தான் பெங்களூர் எனக்கு அத்தனை பெரிய விஷயமாக இருந்தது. தொழிற்சாலையில் நாள் முழுக்க ஹெட்போனும் ஈயப்புகையும். வீட்டுக்கு வந்து குளித்து, ஒட்டிச் சரிபண்ணிய வயலினை எடுத்து மாலையில் கொஞ்ச நேரம் தோடியோடு தனியாக இருப்பேன். என் மனைவி சமையலறையிலிருந்தே கேட்பாள். அந்த நேரத்துக்காகத்தான் பகலையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

இது எப்படியோ அதிகாரியின் காதுக்கு எட்டியது. அவர் மைலாப்பூர்க்காரர். தன்னை வித்வான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபிடில் வாசிப்பியாமே? சொல்லவே இல்லையே! சாயங்காலம் ஆத்துக்கு வந்துடு" என்றார். அழைப்பா உத்தரவா என்று கேட்கவே வேண்டாம்.

அன்றோடு என் மாலைகள் போயின. முதலில் தொண்டையைக் கனைப்பார். பிறகு அந்தக் கிண்ணம். பிறகு பாட்டு. மேல் ஸட்ஜத்தை எட்டிப் பிடிப்பார், பிடித்த கையோடு வழுக்க ஆரம்பிப்பார். சறுக்கினால் மூடிவிடலாம். பாடுகிறவரை அனுசரித்து வாசிப்பது பக்கவாத்தியக்காரனின் மரியாதை, எனக்கும் அது தெரியும். ஆனால் இவர் சறுக்கவில்லை, குடியிறங்கினார். இறங்கிய இடத்திலேயே பாய் விரித்துப் படுத்தும்விடுவார். கடைசியில் பழி சுருதிப்பெட்டிமேல்: "இதுல காத்து சரியா வரல்லே, கவனிச்சியோ?"

இதே மனிதர்தான் காலையில் தொழிற்சாலையில் கருவி ஒரு துளி பிசகினாலும் திருப்பி அனுப்புவார். "மயிரிழைகூட விடப்படாது. விட்டா கடல்ல உசிரு போகும்" என்று மேஜையைத் தட்டுவார். மாலையில் அவர் விட்டதை அளக்க மயிரிழை போதாது, கயிறு வேண்டும். எனக்கு அருவருப்பாக இருந்தது. சாப்பாட்டில் கை வைத்தால்கூட அந்தக் கனைப்புதான் நினைவுக்கு வந்தது.

ராமநவமிக்கு அல்சூரில் பந்தல் போட்டார்கள். ஒருநாள் கச்சேரி அதிகாரிக்கு என்று ஏற்பாடாயிற்று. ஒத்திகை முடிந்து நான் வயலினைத் துடைக்கும்போது அவர் நிதானமாகக் கேட்டார்: "உன் போஸ்டிங் பேப்பர் எங்கிட்ட வந்திருக்கு. கப்பலுக்குப் போணுமா, இங்கயே இருக்கணுமா?"

"இங்கதான் சார்."

"அப்போ என்கூடவே வா. கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும், கூடவே வரணும். புரியறதோ?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே சொன்னேன்.

பந்தலில் பானகம் கொட்டிய இடமெல்லாம் ஈ. முன்வரிசையில் எங்கள் அலுவலகமே உட்கார்ந்து, அவர் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டியது. தோடி எடுத்தார். மேலே போனார், இறங்க ஆரம்பித்தார். சுருதிப்பெட்டி தன் இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வாயில் 'லோ, லோ' என்று வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். விரலைக் கீழே இழுத்தேன். அவர் இன்னும் இறங்கினார், நானும் இறங்கினேன். என் விரலை நானே சாக்கடையில் விட்டுத் துழாவுவது போலிருந்தது. பெண்கள் பக்கம் என் மனைவி தலையைக் குனிந்திருந்தாள். கைதட்டல் பிரமாதம்.

அடுத்த வாரம் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அன்னிக்கு அசந்துட்டேம்பா. நான் எங்க போனாலும் ஒரு நூல் பிசகாம கூடவே வந்தியே! அந்தக் காது இந்த ஃபாக்டரில வீணாப் போறது. கப்பலுக்குத்தான் போகணும்னு நானே பலமா எழுதி அனுப்பிட்டேன். ப்ரமோஷனோட."

நான் அப்படியே நின்றேன். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, முதுகில் தட்டினார்.

"என்னைப் பத்திக் கவலைப்படாதே. உன் எடத்துக்கு வரவனுக்குப் புல்லாங்குழல் வருமாம். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

சொல்லிவிட்டுக் கனைத்தார். நான் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் சிவாஜிநகர் வரும்வரை அந்த வெள்ளிக் கிண்ணம் கண்முன்னால் நின்றது.

வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "அப்ப அன்னிக்கு சரியாவே வாசிச்சிருக்கலாமேங்க?"