கேட்டவளும் கேட்காதவளும்

அருமனைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராகவும் போர்டிங் வார்டனாகவும் நான் சேர்ந்த முதல் வாரமே, ஒரு பிள்ளையை வெளியேற்றும் பேச்சு வந்தது. இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம்.

பிள்ளையின் பெயர் தங்கம். அப்பா கீரிப்பாறை மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர். அக்கா செல்லமும் அதே போர்டிங்கில்தான் இருந்தாள். இருவருக்கும் ஒரே அறை, ஒரே கஞ்சி. ஆனால் செல்லம் சமையல்காரி முதல் ஹெட்மிஸ்ட்ரஸ் வரை எல்லாரிடமும் சிரித்துப் பேசுவாள். "எனக்கு இங்க எல்லாரும் உண்டு டீச்சர்" என்பாள். தங்கம் குனிந்த தலை நிமிர மாட்டாள்.

அவளுக்குப் பனி. காய்ச்சலை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அக்காவிடம்கூடச் சொல்லாமல் விடியற்காலையில் வீட்டுக்கு நடந்தவள் வழியில் மயங்கி விழுந்தாள். ஒரு மாட்டு வண்டிக்காரர் தூக்கி வந்து விட்டார்.

பள்ளி மானேஜர் எல்லா டீச்சர்களையும் அறைக்கு அழைத்தார். "அக்காக்காரி எப்படி இருக்கா? ஒரே வயித்துல பெறந்ததுதானே இவளும்? கேக்காம எறங்கிப் போன திமிரு. பேர வெட்டுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பனியோட கிடந்த பிள்ளைய ஒருத்தரும் பாக்கலியே சார். அது ஆருக்க குத்தம்?" என்றேன்.

"அவ வாயத் தெறந்து கேட்டாளா?" என்றார். "நீங்க வந்து ஒரு வாரம் ஆவல்ல."

தங்கத்தின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்காளுக்குக் கேக்கத் தெரியும் டீச்சர். எனக்குன்னா ஆரு வருவா?" என்றாள்.

செல்லம் அதைக் கேட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு டீச்சரிடமும் போனாள். "எனக்க தங்கச்சிக்காக ஒரு வார்த்த சொல்லுங்க." செல்லத்தைத் 'தங்கக் கட்டி' என்று கொஞ்சினவர்கள்தான் எல்லாரும். ஒருத்தி நோட்டு திருத்தணும் என்றாள். ஒருத்தி, மானேஜர் கோபப்படுவார் என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கதவையே திறக்கவில்லை.

பேரை வெட்டிவிட்டார்கள். மறுநாள் தங்கத்தைக் கூட்டிப்போக அப்பா வந்தார். "பிள்ள பனியில கெடந்தத இங்க ஆரும் பாக்கலியா சாரே?" என்று மட்டும் கேட்டார். செல்லமும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ போவாண்டாம். நீ நல்ல பிள்ளல்லா" என்றார் மானேஜர்.

"அவ கேக்கல்ல, நீங்க குடுக்கல்ல. நான் கேட்டேன் சாரே. கேட்டும் ஒருத்தரும் தரலியே."

மூன்று பேரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போனார்கள். இரண்டு பேரும் பிறகு படிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் வார்டனாக இருந்த எந்த இடத்திலும், "ஏன் கேக்கல்ல?" என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. பேசாத பிள்ளையின் பாயருகே உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். இளம் டீச்சர்கள் யாராவது, "அது தானா வந்து சொல்லட்டுமே" என்றால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.