எர்த் குழி

வெள்ளகோவில் பக்கத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில், எங்கே கால் வைத்தாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மாமனாரும் வீட்டுக்காரரும் அதைக் கொண்டுவந்து வீட்டை ஒட்டி எங்கேயோ புதைத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பச்சைக் குழந்தைக்குக் கல்லும் நடமாட்டார்கள், பெற்றவளுக்கு இடத்தையும் காட்டமாட்டார்கள். காட்டினால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம். உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இடம் தெரிந்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். கேட்டால், "அதைய எதுக்கு இப்பக் கெளப்பற அம்மணி?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோய்விடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் போன வருடம் கரன்ட் கார் வாங்கினார். காங்கேயத்தில் இருக்கிற எங்கள் எண்ணெய் மில்லுக்குப் போய்வர அது போதுமாம். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், ஏசிக்குப் போடுகிற பதினைந்து ஆம்ப்ஸ் பிளக்கே போதும் என்றார்கள். கார் வந்த அன்று போர்டிகோவில் ஒயரைச் சொருகினோம். சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. பிடுங்கிச் சொருகினாலும் சிவப்புதான்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "எர்த் சரியில்லீங்கண்ணா. மத்ததெல்லாம் ஓடும், இந்தக் காரு ஒத்துக்காதுங்க. புதுசா குழி எடுத்து, உப்பும் கரியும் போட்டுக் கம்பி எறக்கோணுங்க" என்றார். வாசலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழையடியில் நின்றார். "இங்கதானுங்க. எப்பவும் ஈரம் நிக்கும், ஈரம் இருந்தாத்தான் எர்த் புடிக்கும்" என்று கடப்பாரையை ஓங்கினார்.

"அங்க வேண்டாம்!"

வீட்டுக்காரர் கத்தி நான் கேட்டதே இல்லை. மில்லில் மிஷின் நின்றுபோனாலும் முனகுவாரே தவிரக் கத்தமாட்டார். எலக்ட்ரீஷியன் கடப்பாரையைத் தாழ்த்தினார். "கேட்டுக்குப் பக்கத்துல போட்டுக்கலாம் தம்பி" என்று இவர் குரலை இறக்கிச் சொன்னார். அங்கே அடியெல்லாம் பாறை என்பது எங்கள் மாட்டுக்குக்கூடத் தெரியும். நான் வாழையடி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட் ஓரத்துக் குழி அடிக்கடி காய்ந்தது. காய்ந்தால் சிவப்பு. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மண் அதை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம், பச்சை எரியும், யாருமில்லாத காருக்குள்ளிருந்து மெல்லக் காற்றுச் சத்தம் ஒன்று கிளம்பும். குழந்தை தூக்கத்தில் மூச்சுவிடுவது போலத்தான் எனக்குக் கேட்டது. அது ஃபேன் சத்தம் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்த நேரத்தில் போர்டிகோவில் நிற்கவும் முடியாது, உள்ளே போய் இருக்கவும் முடியாது.

துவைக்கிற கல்லிடம் போவதை நிறுத்திவிட்டேன். இத்தனை வருடமும் அங்கேதானே துணி அலசிச் சோப்புத் தண்ணீரை வாழைக்கு விட்டேன்? அந்த வாழைக்காயைத்தானே பொரியல் செய்து பரிமாறினேன்? இவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை, வாயு என்பார். நான் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும் அந்தப் பக்கம் நேராகப் போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார். கிறுக்கு என்று கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர, எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் சாயங்காலம் குழி சுத்தமாக மக்கர் பண்ணியது. இவரே குடம் குடமாக ஊற்றினார். மண் குடித்துக்கொண்டே இருந்தது, சிவப்பு மாறவில்லை.

"வாழையடியில போட்டிருந்தா இந்தப் பாடு இல்லீங்களே" என்றேன்.

அவர் இன்னொரு குடத்தைத் தூக்கிக் குழியில் ஊற்றினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உள்ளே போய்க் குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு நேராக வாழையடிக்கு நடந்தேன்.

"ஏனுங்க, இங்க ஊத்தட்டுங்களா?"

அவர் குடத்தோடு கேட் ஓரத்தில் அப்படியே நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே சொம்பைச் சாய்த்தேன். தண்ணீர் மண்ணில் விழுகிற சத்தம் தவிர வாசலில் வேறு சத்தமே இல்லை. அவர் குடத்தைக் கீழே வைத்தார். வீட்டைச் சுற்றாமல் நேராக என்னிடம் வந்தார்.

"அங்க இல்ல அம்மணி" என்றார். "இன்னுங் கொஞ்சம் கெழக்கால."