நைன் வன் வன் பதிவில எண்ணின குரல்

உதுகளை நான் ஒருநாளும் நம்பினதில்லை. இருவது வருசம் நேர்ஸ் வேலை, செத்த ஆக்களைத் துடைச்சு வெள்ளை போத்திப்போட்டு நேரே போய்ச் சோறு சாப்பிட்டிருக்கிறன், ஆரும் பேய் பிசாசு எண்டு தொடங்கினால் எழும்பிப் போறனான். நீங்களும் இதைக் கேட்டுப்போட்டு உவவுக்கு நித்திரை காணாது எண்டு சொல்லத்தான் போறியள், சொல்லுங்கோ, பரவாயில்லை. நடந்ததைத்தான் சொல்லுறன்.

போன வருசம் முதுகு ஏலாமப் போக, வார்ட்டை விட்டுட்டு ஒரு ரிசேர்ச் வேலைக்கு மாறினனான். இஞ்ச அவசர உதவிக்கு நைன் வன் வன்னுக்குப் போன் அடிக்கிற எல்லாருக்கும் இங்கிலிஷ் வராதுதானே. வீட்டில ஆரும் மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்தால், போனில இருக்கிறவை நெஞ்சை எப்பிடி அமத்துறது, அதான் சி.பி.ஆர், எண்டு சொல்லிக் குடுப்பினம். ஆனால் மொழிபெயர்க்கிற ஆள் லைனில வருமட்டும் எவ்வளவு நேரம் வீணாப் போகுது? அதுதான் ஆராய்ச்சி. பழைய அழைப்புப் பதிவுகளை ரெண்டு பேர் தனித்தனியாக் கேட்டு, முதல் அமத்தல் எந்தச் செக்கனில எண்டு எழுத வேணும். தமிழ் அழைப்பெல்லாம் எனக்கு. மற்ற ஆள் மரியா, பிலிப்பீன்காரி, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, சத்தத்தை மட்டும் கவனிப்பா.

ஒருநாள் காலமை பத்து மணி இருக்கும், நல்ல வெயில், கையில கோப்பி. மோர்னிங்சைட்டில இருந்து ஒரு அன்ரி அடிச்ச அழைப்பு, பேர் நான் சொல்லக்கூடாது. "ஐயோ இவர் விழுந்திட்டார், இவர் விழுந்திட்டார்" எண்டு கத்துறா, அங்கால "தமிழா? ஹோல்ட் ஓன்" எண்டுகினம். போனை நிலத்தில வைக்கிற சத்தம். பேந்து ஒரு பொம்பிளைக் குரல், ஆறுதலா, பக்கத்தில குந்தியிருந்து சொல்லுற மாதிரி, "லாபம், ரெண்டு, மூண்டு, நாலு" எண்டு எண்ணத் தொடங்குது. ஊரில நெல்லு அளக்கேக்க ஒண்டு எண்டு சொல்லாமல் லாபம் எண்டு தொடங்குவினமெல்லோ, அப்பிடி. எனக்குச் சிரிப்பும் வந்திது. அந்த எண்ணிக்கைக்கு அன்ரி மூச்சு இரைக்க இரைக்க அமத்துறது வடிவாக் கேக்குது.

மரியா எழுதின செக்கனும் நான் எழுதினதும் ஒண்டுதான். ஆனால் பக்கத்தில இன்னொரு பெண் இருந்தவ எண்டு நான் எழுதினதைப் பாத்திட்டு, உதென்ன கதை, அப்பிடியொரு குரலே இல்லையே எண்டா. என்ர ஹெட்போனைக் குடுத்தன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "நத்திங்" எண்டா. திருப்பி நான் போட்டுக் கேக்கிறன், எண்ணுது. நம்பினால் நம்புங்கோ.

சம்மதம் தந்த குடும்பங்களை நேரில பாத்துக் கதைக்கிறதும் என்ர வேலை. அந்த அன்ரியின்ர மகன்தான் எனக்கு நேரம் தந்தவன், இஞ்ச வளந்த பெடியன். அன்ரியின்ர மனுசன் தப்பேல்லை எண்டது எனக்கு முதலே தெரியும். ஆனால் வீட்டுக்குள்ள போய் இருந்தாப் பிறகுதான் மற்றது விளங்கிச்சு, அண்டையில இருந்து அவன் தாயின்ர முகத்தைப் பாத்துக் கதைக்கிறதில்லை.

"அக்கா, அம்மாக்கு சி.பி.ஆர் தெரியவே தெரியாது. ட்ரான்ஸ்லேட்டர் வருமட்டும் ஷீ ஜஸ்ட் பாத்துக்கொண்டு நிண்டவ. அதாலதான் அப்பா செத்தவர்" எண்டான்.

அன்ரி நிலத்தைப் பாத்துக்கொண்டு, "நான் அமத்தினனான் தம்பி. லாபம், ரெண்டு எண்டு ஆரோ எண்ண எண்ண அமத்தினனான்" எண்டா.

"வீட்டில ஆர் இருந்தது? சொல்லுங்கோ அம்மா, ஆர் இருந்தது?" எண்டு அவன் கத்திப்போட்டான்.

அந்த லாபம் எண்ட சொல்லை நான் மரியாவுக்குக்கூடச் சொன்னதில்லை. ஆனால் அந்த நேரம் சொல்ல வேண்டியது வேற. "தம்பி, ரெண்டு பேர் தனித்தனியாக் கேட்டு எழுதினது இது. அம்மா ஒரு நிமிசத்துக்குள்ள தொடங்கீட்டா. மொழிபெயர்க்கிற ஆள் வரேக்க அவ களைச்சே போனா" எண்டன். அவன் பேந்து எழும்பிப் போய்த் தாய்க்குப் பக்கத்தில இருந்து, அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதான். நானும் அழுதனான், நேர்ஸாவது மண்ணாவது.

வெளிக்கிடேக்க அன்ரி வாசல்மட்டும் வந்தவ. நான் குனிஞ்சு சப்பாத்துப் போடுறன், மெல்லமாச் சொல்லுறா, "பிள்ளை, நீர் கதைக்கத் தொடங்கேக்கையே எனக்கு விளங்கீட்டுது. நீர்தானே அண்டைக்கு எண்ணினது?"

"இல்லை அன்ரி, அப்ப நான் இந்த வேலையிலயே இல்லை" எண்டன். பிறகு வீட்டை போய்ப் பழைய டியூட்டி லிஸ்டையும் எடுத்துப் பாத்தனான். அதுக்கு முதல்நாள் நைட் டியூட்டி, அன்ரி போன் அடிச்ச அந்த மத்தியானம் நான் வீட்டில நித்திரையாத்தான் இருந்திருப்பன். ஒரு கனவும் ஞாபகமில்லை.

வாசலில நிண்ட அவ நான் சொன்னதை நம்பின மாதிரித் தெரியேல்லை. கோவமுமில்லை. என்ர கையைத் தடவிக்கொண்டு, "நாப்பத்தாறோட ஏன் பிள்ளை நிப்பாட்டினீர்? நான் பேந்து தனியத்தான் அமத்தினனான்" எண்டு கேட்டா.

பதிவில குரல் நாப்பத்தாறோடதான் நிக்குது. அதை நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லை, ஒருதருக்கும் சொல்லேல்லை. உது நானில்லை எண்டு திருப்பிச் சொல்லத்தான் வாயைத் திறந்தனான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" எண்டு வந்திது. ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.