கேன்டீன் சாப்பாடு கணக்கில் வராது

சுடலைக்கண்ணு ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு உதிரி பாகம் செய்யும் எங்கள் கம்பெனியில், இரண்டு ரேக்குகளுக்கு நடுவே ஆள் ஒதுங்கவே இடமில்லாத சந்தில், கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுப்பான். ஒரு பெட்டி உரசாது. கீழே இறங்கிவிட்டானோ, போச்சு. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருப்பான், தப்பான ஸ்டாப்பில் இறங்குவான், யார் என்ன சொன்னாலும் நம்புவான். நானும் அவனும் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். ஒரே ரூம், ஒரே ஷிப்ட். அதனால் அவனுடைய எல்லா வில்லங்கமும் கடைசியில் என் பைக்கின் பின்சீட்டில் வந்துதான் உட்காரும்.

அந்த ஃபோர்க்லிஃப்ட் சீட்டுக்காக அவன் வருஷக்கணக்கில் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டியவன். 2012 ஜூலையில் எல்லோருக்கும் மெடிக்கல் செக்கப் நடந்தபோது அதற்குத்தான் ஆபத்து வந்தது. கம்பெனி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"சுகர் ஏறிப் போயிருக்குப்பா. மாத்திரை எழுதியிருக்கேன். சாப்பாட்டை ஒழுங்கு பண்ணாம மாத்திரை மட்டும் ஒண்ணும் செய்யாது. நல்ல ஆளாப் பார்த்து யோசனை கேட்டுக்கோ. ஆயுத பூஜைக்கு முன்னாடி மறுபடியும் பார்ப்போம். குறையலைன்னா ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன். திரும்ப பேக்கிங்தான்."

ரூமுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்துவிட்டான். "ஏல கொம்பையா, அட்டைப்பெட்டி ஒட்ட மறுபடியும் போவ மாட்டேம்ல. அதுக்கு ஊருக்கே போயிருவேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு தாங்கவில்லை. "நாளைக்கே சாப்பாட்டுக்கு யோசனை சொல்லுத ஒரு கோச்சைப் பிடிப்போம், எந்திரி" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதலில் சிக்கியவர் டில்லிபாபு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் எடை குறைப்பு கிளப் வைத்திருந்தார். சுவர் முழுக்க முன்னால் குண்டு, பின்னால் ஒல்லி என்று ஜோடி ஜோடியாகப் போட்டோக்கள். யாருக்காவது எடை குறைந்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். சுடலைக்கண்ணு அந்தக் கைதட்டலிலேயே விழுந்துவிட்டான்.

"காலீல ஒரு கிளாஸ், நைட்டு ஒரு கிளாஸ். மதியம் மட்டும் சோறு. அவ்ளோதான் சார். ஒரே மாசத்துல நீ யாருன்னு உனுக்கே தெரியாது" என்று பவுடர் டப்பாவை அவன் கையில் திணித்தார் டில்லிபாபு.

அவனும் பக்தியாகக் குடித்தான். பவுடரைக் குடித்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவான், ஷிப்ட் முடிந்து வந்ததும் மறுபடி பவுடர். மாசக் கடைசியில் மெஷினில் ஏற்றினால் எடை கூடியிருந்தது. யாரும் கை தட்டவில்லை.

"இன்னா சார் இது? எங்கியாச்சும் பூந்து துன்னுக்கினு வர்றியா?"

"சத்தியமா இல்லண்ணே. நீங்க சொன்னதுக்கு மேல ஒரு பருக்கை தொடலை" என்றான். நானும் கூடவே சாட்சி சொன்னேன். அவன் சொன்னது உண்மைதானே! ரூமில் அவன் அடுப்பே பற்ற வைக்கவில்லை. டில்லிபாபுவைப் போலிப் பேர்வழி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படி இறங்கினேன்.

அடுத்தது தண்டலத்தில் ஜிம் வைத்திருந்த நரசிம்மன் மாஸ்டர். அவர் கையே நம் தொடை அளவு இருக்கும். "சோத்தைப் பத்தியே பேசாத. இங்க வந்து வேர்வை சிந்து, சக்கரை தன்னால ஓடும்" என்றார். காலையில் ஏழு மணிக்கு டாணென்று வந்துவிட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் அவருக்குப் பிடிக்காது. ஏ ஷிப்ட் வாரத்தில் அந்த நேரத்துக்கு நாங்கள் லைனில் நிற்போம், போக முடியாது. பி ஷிப்ட் மதியம்தான் என்பதால் அந்த வாரத்தில் போனான். சி ஷிப்ட் வாரத்தில், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு நேராக ஜிம்முக்குப் போய், எடை தூக்கும் பெஞ்சில் மல்லாந்தவன் அப்படியே குறட்டை விட்டுவிட்டான். மாஸ்டர் எனக்குப் போன் போட்டு, "உன் பிரெண்டை வந்து எடுத்துக்கினு போ, பின்னாடி நாலு பேரு வெயிட்டிங்ல கீறாங்க" என்றார்.

போய் எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைச் செம்பரம்பாக்கம் ஏரியில் தள்ளிவிட்டு வந்திருப்பேன். பாவி, பைக்கில் என் முதுகில் சாய்ந்தும் தூங்கினான்.

செப்டம்பரும் வந்துவிட்டது. சுகர் டெஸ்ட்டுக்காக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேபுக்குப் போனபோது, பக்கத்து கிளினிக் வாசலில் உணவு ஆலோசகர் சத்யப்பிரியா என்று போர்டு இருந்தது. சனிக்கிழமை மட்டும் வருவாராம். "இதுதாம்ல கடைசி. இதுக்கும் மேல என் பைக்கு வராது" என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டிப்போனேன்.

சுவரில் போட்டோ இல்லை. மேஜையில் டப்பா இல்லை. சுடலைக்கண்ணுவுக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது. சத்யப்பிரியா ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்ததும் கேட்டார்: "இந்த வாரம் என்ன ஷிப்ட் உங்களுக்கு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி அது.

"பி ஷிப்ட், மேடம்."

"எங்க அப்பாவும் ஷிப்ட்ல இருந்தவருதான். வாரத்துக்கு வாரம் வேற வேற நேரத்துல சாப்பிடுவாரு, வூட்ல எங்களுக்கே குழம்பிடும். சரி, கேன்டீன்ல என்ன போடறாங்க?"

"கேன்டீன்லயா?" சுடலைக்கண்ணு விழித்தான். "அதுல என்ன மேடம் இருக்கு? அது கேன்டீன்."

"அது சாப்பாடு இல்லையா?"

"அது டூட்டி மேடம்" என்றான், கொஞ்சமும் யோசிக்காமல்.

சத்யப்பிரியா பேனாவை வைத்துவிட்டார். எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. இந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். மணி அடிக்கிறது, வரிசையில் நிற்கிறோம், தட்டில் விழுவதை வாயில் போடுகிறோம், மணி அடித்தால் லைனுக்குத் திரும்புகிறோம். யூனிஃபார்ம், ஷூ மாதிரி அதுவும் கம்பெனி கொடுப்பது. ரூமில் தின்பதுதான் சாப்பாடு. ஆயிரம் யோசனை சொன்ன எனக்கும் இது உறைக்கவில்லை.

"சரி, டூட்டியில என்னென்ன பண்றீங்க, வரிசையா சொல்லுங்க" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கம்பெனிக்குள் போனதும் சர்க்கரை தூக்கலாக டீ, பன். அப்புறம் அளவில்லாச் சோறு, சாம்பார், அப்பளம். மறுபடி டீ, வடை. ஓவர்டைம் பார்த்தால் அதற்கு ஒரு பொட்டலம் சாப்பாடு. புதன்கிழமை பாயசம். எனக்கு இனிப்பு பிடிக்காது என்பதால் என் பங்குப் பாயசமும் அவனுக்குத்தான். சொல்லச் சொல்ல சுடலைக்கண்ணுவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், "ஏல, இம்புட்டுமா நான் தின்னேன்?" என்று என்னைக் கேட்டான். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஷிப்ட் மாறும்போதெல்லாம் எனக்குப் போன் பண்ணுங்க. அந்த வாரத்துக்கு எது எப்போன்னு சேர்ந்து முடிவு பண்ணலாம். கேன்டீன்ல சாப்பிடுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா அதுவும் சாப்பாடுதான், ரூமுக்குப் போய் இன்னொண்ணு கிடையாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. அண்ணா, நீங்க" என்று என் பக்கம் திரும்பினார், "இனிமே உங்க பாயசத்தை நீங்களே குடிங்க."

பைக்கில் வரும்போது அவன் என் காதுப் பக்கம் குனிந்து, "இவுகதாம்ல நமக்கு சரி. மத்தவுக ரெண்டு பேரும் உள்ள போனதுமே பதிலைச் சொல்லிட்டாக. இவுகதான் கேள்வி கேட்டாக" என்றான். தப்பான ஸ்டாப்பில் இறங்குகிறவன் இவ்வளவு தெளிவாகப் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன்பிறகு கேன்டீனில் அவன் பட்டபாட்டைப் பார்க்கவேண்டுமே! கால் கரண்டி சோறு வாங்கிக்கொண்டு, பொரியலை இரண்டு தரம் கேட்டான். பரிமாறுகிறவர் உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார். புதன்கிழமைகளில் பாயசத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் எனக்குப் பிடிக்காத பாயசத்தை, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். நட்பென்றால் அதுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்து, "பரவாயில்லையே! இப்படியே விடாம இரு" என்று கையெழுத்தைப் போட்டார். அவன் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்தான். வெட்கமில்லாமல் நானும் கட்டிக்கொண்டேன்.

பூஜை அன்று ஃபோர்க்லிஃப்ட்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, புதுப் பொண்ணு மாதிரி நிறுத்தியிருந்தான். சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டு வந்தார். "சாமி பிரசாதம்யா. இதெல்லாம் கணக்குல வராது, வாயில போடு" என்று இவன் கையிலும் ஒரு தொன்னையை வைத்துவிட்டுப் போனார்.

சுடலைக்கண்ணு கேசரியைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். ஓரமாக ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

"மேடம், சுடலைக்கண்ணு பேசுதேன். ஒரு ஸ்பூன் கேசரி தின்னுட்டேன் மேடம். சாமி பிரசாதந்தான்... ஆனா இதுவும் சாப்பாடுதான?"