பாம்டாப்பில் அடைத்த கடை

கம்பெனி எங்கள் கையில் பாம்டாப் என்ற கைக் கம்ப்யூட்டரைத் திணித்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். சேமியாவுக்கும், பாயசத்தில் போடும் அரிசி அடையான பாலடைக்கும் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பதுதான் என் வேலை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் வித்துரா, கல்லாறு வரை என் லைன். அதுவரை ஒரு நீள நோட்டும் பேனாவும் போதுமாக இருந்தன. பிறகுதான், குச்சியால் குத்திக் குத்தி ஆர்டர் ஏற்றும் அந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. மழை பட்டால் அணைந்துவிடும், வெயிலில் எழுத்து தெரியாது. இந்த ஊரில் இரண்டும் இல்லாத நேரம் எது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அதன் பிடிவாதம். வரிசையில் முதல் கடையை முடித்தால்தான் அடுத்த கடை திறக்கும். முடிக்க இரண்டே வழி: ஆர்டர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் 'கடை அடைப்பு' என்று குத்த வேண்டும். கடை திறந்திருக்கும், ஆனால் கடைக்காரர் இன்னும் வாய் திறக்கவில்லை என்று ஒரு நிலைமை உண்டு என்பது அதைச் செய்த புத்திசாலிகளுக்குத் தெரியாது. அவர்கள் யாரும் வித்துராவில் கடை வைத்தவர்கள் இல்லையே.

என் வரிசையில் முதல் கடை வித்துரா அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே நிலைத்து, பேச்சில் மலையாளமும் கலந்துவிட்டவர். போணி ஆகாமல் எந்தக் கம்பெனிக்கும் ஆர்டர் சொல்லமாட்டார். நோட்டுக் காலத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. கல்லாறு போய்விட்டுத் திரும்பும் வழியில் எழுதிக்கொள்வேன்.

அன்று ஓணத்துக்கு முந்தைய கடைசி ஆர்டர் நாள். அன்று எடுக்கும் ஆர்டருக்குத்தான் ஓணத்துக்குள் சரக்கு வேன் வரும். வருஷத்தில் அண்ணாச்சி பாலடை விற்கும் வாரம் அது ஒன்றுதான். ஓணம் கழிந்தால் அதை யார் சீண்டுவார்கள்? அன்று பார்த்து அடைமழை. கடையில் ஏறிய ஒரே ஆளும் பொன்முடி பஸ் போய்விட்டதா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"ஒரு தீப்பெட்டி குடுங்க அண்ணாச்சி, நானே போணி பண்ணுதேன்" என்றேன்.

"அது சரியாவாது தம்பி. நீ விக்க வந்த ஆளல்லே? உன் கையால முதல் கைநீட்டம் வாங்கப்பிடாது. போயிட்டு வா, வரும்போ சொல்லுதேன், கேட்டோ."

போணி ஆகாத கடையை, கடைக்காரர் முகத்துக்கு நேரே 'அடைப்பு' என்று குத்த எனக்குக் கை வரவில்லை. வாயால் சாபம் கொடுப்பதற்குச் சமம் அது. கல்லாறு பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறி, அவர் கண்ணில் படாத சீட்டில் உட்கார்ந்து 'அடைப்பு' என்று குத்தினேன். திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. நோட்டில் அடித்து எழுதிப் பழகிய புத்தி.

மத்தியானம் திரும்பியபோது மழை விட்டிருந்தது, போணியும் ஆகியிருந்தது. அண்ணாச்சி சந்தோஷமாக நாலு பெட்டி பாலடை சொன்னார். மெஷினிலோ அவர் கடையே இல்லை. ஒரு தடவை அடைத்தால் மறுநாள்தான் திறக்குமாம்! அவரிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு தாளில் எழுதி, "நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"மெஷின்ல வராத ஆர்டர் ஆர்டரே அல்ல. வேன் லோடு அதப் பாத்தாக்கும் ஏத்துறது" என்றார் ஆபீசில் சூப்பர்வைசர். கெஞ்சினேன், கத்தினேன், தாளை அவர் மேஜையில் அடித்தேன். சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போதாவது அண்ணாச்சிக்கு ஒரு போன் செய்திருக்கலாம். வேறு கம்பெனியில் வாங்கியிருப்பார். எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று இருந்துவிட்டேன். சரிக்கட்ட முடியவில்லை.

ஓணம் கழிந்து நான் கடைக்குப் போனபோது அண்ணாச்சி எப்போதும் போல ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"வேன்காரன்ட்ட என் சரக்கு எங்கன்னு கேட்டேன். சீட்டப் பாத்து வாசிச்சான், கடை அடைப்புன்னு. பாலடை கேட்டு வந்தவங்களுக்கெல்லாம் நானே எதிர்க்கடையக் கை காட்டி விட்டேன்."

மெஷினைத் திட்ட ஒரு மூட்டை வார்த்தை கொண்டுபோயிருந்தேன். அவிழ்க்க ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெஷினு கிடக்கட்டும் தம்பி. அன்னைக்கு நான் கடையத் தொறந்து இங்கதான இருந்தேன்? நீ கண்டதல்லே?"

"கண்டேன் அண்ணாச்சி" என்றேன்.